இசைவாணி எழுதிய கடிதம்

ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் சினிமாக்காரர்கள்தான் உயிர். தாயில்பட்டி இசைவாணிக்கு மட்டும் எழுத்தாளர் பொன்னுத்தங்கம். அந்த அம்மாள் எழுதிய சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றுவிடாமல் அட்டை கிழியப் படித்தவள். போன மாதம் அவருக்குக் கடிதமே போட்டாள். கை சும்மா இருக்கக் கூடாதா? ‘எங்க அம்மா மாரிச்செல்வி வீட்டுக்குள்ளயே சரவெடி பின்னுவாங்க, நான் திரி எடுத்துக் குடுப்பேன்’ என்று பெருமை பொங்க எழுதித் தொலைத்தாள்.

வீட்டில் வெடி செய்வது குற்றம். போன வாரம்தான் பக்கத்துத் தெருவில் வெடி பின்னிய இரண்டு பெண்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனது. அப்போதுதான் தான் எழுதியது இசைவாணிக்கு நினைவுக்கு வந்தது.

இன்றைக்குப் பள்ளி ஆண்டுவிழா. மேடையில் பொன்னுத்தங்கம், பக்கத்து நாற்காலியில் தாசில்தார். எழுத்தாளர் பையைத் திறந்து அவளுடைய கடிதத்தை எடுத்தார். ஓரத்தில் வெடிமருந்துக் கறைகூட அப்படியே இருந்தது.

“இந்த ஊருப் பிள்ளை ஒண்ணு எழுதியிருக்கு. ‘எங்க அம்மா மாரிச்செல்வி...’”

பார்க்க மாட்டோமா என்று அவள் ஏங்கிக் கிடந்த எழுத்தாளரின் முகம்தான். இப்போது அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இசைவாணி எழுந்து கத்திவிட்டாள்.

“அம்புட்டும் பொய்யி! நானாக் கட்டுன கதை!”

கூட்டம் சிரித்தது. தாசில்தார் போனிலிருந்து தலையைத் தூக்கினார். பொன்னுத்தங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் அவள் ஒளித்த, மருந்துக் கறை படிந்த கைகளையும் பார்த்தார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு வேறு கதை சொல்லத் தொடங்கினார்.

விழா முடிந்து புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

“கதை நல்லாருக்குத்தா. அந்தக் கதையில வர்ற அம்மா சோறு பொங்குறது எங்கன?”

“அதே ரூம்லதான். ஒரே ரூம்தான இருக்கு.”

பேனா நின்றது. “அடுப்புப் பக்கத்துலயா வெடிமருந்து?” என்றார் எழுத்தாளர். இத்தனை நாளும் இசைவாணி போலீஸுக்குத்தான் பயந்தாள். அடுப்புக்குப் பயப்படத் தோன்றவே இல்லை. மணி நாலரை. அம்மா காபிக்கு அடுப்பு மூட்டும் நேரம்.

புத்தகத்தைக்கூட வாங்காமல் ஓடினாள். வழியெல்லாம் வெடிச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது.

வீட்டுக்குள்ளே மாரிச்செல்வி பின்னிய சரங்களை ஓரமாகக் குவித்துவிட்டு விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இசைவாணி குடத்தைத் தூக்கி அடுப்பில் அப்படியே கவிழ்த்தாள்.

“ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?”

“பயமாருக்கும்மா” என்று தேம்பினாள் மகள்.

அடிக்க ஓங்கிய கையோடு, தண்ணீர் சரத்துப் பக்கம் ஓடுகிறதே என்று மாரிச்செல்வி பதறிக் குனிந்தாள். அடுப்புக்கும் சரத்துக்கும் நடுவே இருந்த இடத்தை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். ஒரு முழம்கூட இல்லை.