ஏழாம் மாடி, தெற்கு வரிசை

நாலே முக்காலுக்கு எழுந்தேன். பல் விளக்கினேன். குளித்தேன். சட்டையில் ஒரு பித்தான் இல்லை என்று போட்டபிறகுதான் தெரிந்தது, அப்படியே விட்டேன். இரண்டு துண்டு ரொட்டி தின்றேன். லேப்டாப்பையும் டார்ச்சையும் பையில் வைத்தேன். பஸ் ஐந்தேகாலுக்கு வந்தது. பதினோரு நாளாக இப்படித்தான். அதற்கு முன்னும் இப்படித்தான், கூட ஓர் ஆள் இருந்தது தவிர.

விடிவதற்குள் கேபிள் உருளைகள் ஏழாம் மாடிக்கு ஏறிவிட வேண்டும். லிப்ட் வேலைக்காரர்களுக்கு இல்லை. உருளையின் நடுவில் இரும்புக் குழாயைச் செருகி இருவர் தோள் கொடுப்பார்கள். முன்னால் டெஸ்டர், காதில் எப்போதும் டெஸ்டரைச் செருகியிருப்பதால் அவருக்கு அதுதான் பெயர். பின்னால் ரீல் அக்கா. குழாய் அழுத்தி அழுத்தி அவளுடைய வலது தோளில் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தோல் காய்த்திருந்தது.

“மெதுவாப் போய்யா. மாமியார் வீட்டு விருந்துக்கா போறே?”

“மாமியார் வீடுன்னா இன்னும் மெதுவாத்தான் போவேன்க்கா.”

ஒவ்வொரு திருப்பத்திலும் நாங்கள் கால் வைக்குமுன் விளக்கு எரிந்தது. நாங்கள் கடந்ததும் அணைந்தது. இந்தக் கட்டடம் ஆட்களைப் பார்க்கும். அதற்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான்.

என் வேலை இதுதான். கட்டடம் முழுக்க ஒரு பச்சைக் கேபிள் ஓடுகிறது. உள்ளே இரண்டே கம்பி. சுவரில் இருக்கும் சுவிட்ச், கூரையில் இருக்கும் சென்சார், ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பேன்; எந்த எண்ணிலிருந்து எப்போது தகவல் போனது என்று கம்ப்யூட்டரில் பதிவாகும். பழைய வீடுகளில் சுவிட்சைத் தட்டினால் கரண்ட் அங்கேயே அறுபடும். இங்கே அப்படி இல்லை. சுவிட்ச் கேபிளில் ஒரு தகவல் மட்டும் அனுப்பும்: ஏழாம் மாடி, தெற்கு வரிசை, அணை. எங்கோ பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் ரிலே அதைக் கேட்டு அணைக்கும். அடுத்த நொடியே வேறு யாராவது ‘எரி’ என்று தகவல் அனுப்பினால் அதையும் கேட்கும். யார் அனுப்பியது, எதற்கு அனுப்பியது என்று ரிலே விசாரிக்காது.

என் மனைவி வயர்மேன் லைசென்ஸ் வைத்திருந்தாள். எங்கள் ஆட்களில் அது இருந்த ஒரே பெண். ஏழாம் மாடிக் கூடத்தில் தெற்கு வரிசை விளக்குகளை மாற்றவேண்டி வந்தது. சுவரில் அணைத்தாள். ஆனால் இந்தக் கேபிளைப் பற்றி அவளுக்குத் தெரியும். நான்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். பெட்டியைத் திறந்து, கரண்டையே துண்டிக்கும் பிரேக்கரை இறக்க வேண்டும் என்றாள். சாவி கேட்க என்னை மேனேஜரிடம் அனுப்பினாள்.

அந்த பிரேக்கரை இறக்கினால் ஆறாம் மாடியில் ஏசி நின்றுவிடும், அங்கே ஆபீஸ் வந்தாயிற்று என்றார் மேனேஜர். “சுவர்லயே அணைச்சுக்கச் சொல்லுங்க.” சூப்பர்வைசர் வேறு எனக்கு முன்னாலேயே மேலே போய், பத்து நிமிஷத்தில் முடிக்கச் சொல்லி அவளை ஏணியில் ஏற்றிவிட்டிருக்கிறார். நான் வெறுங்கையோடு திரும்பினேன். நடைவழியின் கூரையில் ஒரு சென்சார் இருந்தது. வருகிறவர் கூடத்துக்குள் நுழையுமுன் உள்ளே வெளிச்சம் இருக்க வேண்டும், பார்ப்பவன் அசர வேண்டும் என்று முதலாளி கேட்டதால் வைத்தது. அதன் கீழே நடந்தேன். அவள் கை அப்போது கம்பியில் இருந்தது.

வெளிச்சம் வந்தது.

இன்று உருளைகளை இறக்கிவைத்தபோது கூடத்துக்குள் முதலாளி இருந்தார். என்னை மட்டும் கூப்பிட்டார். பேசிக்கொண்டே கைபேசியைத் தடவினார். ஜன்னல் திரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் இறங்கின.

“மனசு எப்படி இருக்கு தம்பி?”

“வேலைக்கு வந்திருக்கேன் சார்.”

ஒரு காகிதத்தை நீட்டினார். ‘சாவி வேண்டாம், சுவரில் அணைத்துவிட்டேன், அதுவே போதும் என்று இறந்தவர் கடைசியாகக் கூறினார்.’ கீழே என் பெயரும், கையெழுத்துக்கு ஒரு கோடும்.

“அவ இதைச் சொல்லல.”

“என்ன சொன்னாங்கன்னு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தர் இல்ல.” அவர் குரல் மென்மையாகத்தான் இருந்தது. “நீங்க கையெழுத்துப் போட்டா எட்டு மணிக்கு இவங்க இங்க ஏணி போடலாம். பத்து மணிக்கு இந்த மாடியை வாடகைக்குப் பாக்க ஆள் வருது.”

“இன்னைக்காவது சாவி தருவீங்களா?”

“சுவர்ல அணைச்சுக்கட்டும்.”

“இங்க அணைஞ்சது அணைஞ்சே இருக்கும்னு இல்ல சார்.”

“அந்தப் பாடத்தை உங்க வீட்டுல நடத்தியிருக்கணும்.”

காகிதத்தை அவரிடமே நீட்டினேன்.

“பதிவை நானும் பாத்தேன்” என்றார். “ஏழு நாற்பத்தொண்ணு, எட்டாவது செகண்ட். 1.7.23ங்கற எண்லேர்ந்து ‘எரி’ன்னு போயிருக்கு. அது நடைவழி சென்சார். அப்ப அதுக்குக் கீழ நடந்தது யாரு? வெளிய நிக்கறாங்களே, தங்கச்சி தங்கச்சின்னு அழுதாங்களே, அவங்களுக்குத் தெரியுமா? நான் சொல்லமாட்டேன். காகிதம் இங்கயே இருக்கட்டும். யோசிங்க.”

வெளியே வந்தேன். பத்தொன்பது பேர் படிக்கட்டில் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் ஏணியைப் பிடித்திருந்தார்கள்.

“என்ன சொல்றாரு மாப்ளே?” என்றார் மேஸ்திரி. அவள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் நான் அவருக்கு மாப்பிள்ளை.

லேப்டாப்பைத் திறந்து பதிவைக் காட்டினேன். அந்த எண் எது என்று சொன்னேன். யாரைப் பார்த்து அது தகவல் அனுப்பியது என்பதையும் சொன்னேன். “நான்தான் நடந்தேன்” என்றேன்.

டெஸ்டர் தரையைப் பார்த்தார். கீழே எங்கோ ஒரு மோட்டார் தானாக ஓடத் தொடங்கி, தானாக நின்றது.

ரீல் அக்கா தோளைத் தேய்த்துக்கொண்டாள். “அன்னைக்கு ஏழரை மணிக்கு நான் அந்த வழியா ரீலை உருட்டிட்டுப் போனேன். ரெண்டு தடவ. தங்கச்சி அப்ப ஏணியில ஏறல. பத்து நிமிஷம் முந்தி ஏறியிருந்தா நான்தானே?”

“நான் தண்ணி எடுக்கப் போனேன்” என்றார் டெஸ்டர். “நானும் நடந்திருக்கேன்.”

“நானும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நடக்கறது குத்தம்னா எல்லாரையும் பறக்கச் சொல்லு” என்றார் மேஸ்திரி. “பெட்டியைப் பூட்டி வச்சவன் அதோ உள்ள நிக்கறான். நடந்தவன் காலைக் குத்தம் சொல்றானாம் அவன்.” ஏணியை வாங்கிச் சுவரோரம் படுக்கவைத்தார். “சாவி நம்ம கைக்கு வரணும். பிரேக்கரை இறக்கி, ஏறுற ஆள் அது மேல தன் சொந்தப் பூட்டைப் போடணும். இறங்கி வந்து அவன்தான் திறக்கணும். அதுவரைக்கும் யாரும் ஏறல. சரியா?”

ஒவ்வொருவராகப் படியில் உட்கார்ந்தார்கள். பதில் அதுதான். நானும் உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்கு முதலாளி கதவைத் திறந்தார்.

“என்ன இது, பஸ் ஸ்டாண்டா?”

“சாவிக்குக் காத்திருக்கோம் சார்” என்றார் மேஸ்திரி.

“நீங்க ஏறலன்னா மத்தியானத்துக்குள்ள வேற ஆள் ஏறும்.”

“வரட்டும். லிப்ட்ல விடமாட்டீங்க. இந்தப் படியிலதான் வரணும். என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டு வழி விடுவோம்.”

“உங்க கார்டு எல்லாத்தையும் இப்பவே நிறுத்தறேன். ஒரு கதவும் திறக்காது.”

“போறவங்களுக்குத்தானே சார் கதவு” என்றார் டெஸ்டர்.

முதலாளி என்னைப் பார்த்தார். “நீங்க படிச்சவர்.”

“ஆமா சார். பதிவைப் படிச்சுக் காட்டிட்டேன்.”

அவர் லிப்டில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. பிறகு அதற்கு மேல் மாடியில் ஒன்று. சத்தம் மாடி மாடியாக எங்களை நோக்கி ஏறி வந்தது.

நாங்கள் அசையாமல் இருந்ததால் படிக்கட்டு விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. அங்கே ஜன்னல் கிடையாது. இருபது பேர் மூச்சுவிடுவது கேட்டது.

“யாராவது கையை ஆட்டுங்கப்பா” என்றார் டெஸ்டர். “நாம செத்துட்டோம்னு நெனச்சுக்கிச்சு.”

சிலர் சிரித்தார்கள். யாரும் கையை ஆட்டவில்லை.

பிறகு கீழ்த் திருப்பத்தில் வெளிச்சம் வந்தது. காலடிச் சத்தம். காவலாளிகள் என்று நினைத்தோம். மேஸ்திரி எழுந்து நின்றார். வந்தவர்கள் ஆறாம் மாடியைத் துடைக்கும் பெண்கள், மூன்று பேர், துடைப்பத்தோடு. அவர்கள் கார்டுக்கு இன்னும் கதவு திறந்தது. விஷயம் அதற்குள் அங்கே போயிருந்தது.

“நாங்களும் அந்த ஈரத்தரையில நின்னுதான் பிளக்கைப் பிடுங்கறோம்” என்றாள் ஒருத்தி. “நகருங்க, இடம் கொடுங்க.”

நகர்ந்தோம். உட்கார்ந்தார்கள். விளக்கு மறுபடி அணைந்தது.

மேஸ்திரி கைபேசி வெளிச்சத்தில் மின் ஆய்வாளருக்கு எழுதத் தொடங்கினார். நாள், நேரம், அந்த எண், மேனேஜர் சொன்னது. பேனா கைமாறிக் கைமாறி வந்தது. ரீல் அக்கா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் காகிதம் என் மடிக்கு வந்தது.

“ஒரு வரி பாக்கி இருக்கு மாப்ளே” என்றார் மேஸ்திரி. “அவன் தங்கச்சி வாயில எதையோ திணிச்சிருக்கான். நெஜத்தை நாம எழுதணும். அவ கடைசியா என்னதான் சொன்னா?”

பதினோரு நாளில் யாரும் என்னிடம் கேட்காதது. இருட்டில் முகங்கள் தெரியவில்லை. அது வசதியாக இருந்தது. நடைவழியில் என் செருப்புச் சத்தம் கேட்டு, ஏணியின் மேலிருந்து அவள் கேட்டாள் என்றேன். நான் வாய் திறக்கவில்லை, அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது என்றேன்.

“என்ன கேட்டா?”

“சாவி கெடச்சுதா?”