காதில் விரல் வைத்தவர்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. நோன்பு முடிந்த மறுகிழமை, மன்னார் நகரத்து வங்கியொன்றில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். போனில் இரண்டு முகங்கள் பக்கம் பக்கமாக வந்து விழுந்தன. இடப்பக்கம் ஒரு வெளிநாட்டு மல்யுத்த வில்லன். தலைத்துண்டு, கரிய தாடி. கண்களை மூடி, மோவாயை உயர்த்தி, இரண்டு காதுகளிலும் சுட்டுவிரலை வைத்திருந்தான். வலப்பக்கம் தொப்பி அணிந்த, தாடி நரைக்கத் தொடங்கிய நம்மூர் மனிதர் ஒருவர். அதே நிலை, அதே மூடிய கண்கள். மேலே மின்கட்டணம் கூடியதைப் பற்றி ஏதோ. கீழே ஒரே சொல்: ‘கேக்காது.’

சிரித்தேன். மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். அதில் ஒன்று எழுத்தாளர்கள் குழு.

இன்னொரு குழுவில் கீரி என்ற கரையோர ஊரைச் சேர்ந்த கிறிஸ்ரி இருந்தான். மீன்பிடிக்கிறவன். அவன் பதில் போட்டான்: ‘இது எங்கட பைறூஸ் நானா. எஞ்சின் திருத்துறவர்.’ (நானா என்றால் அண்ணன்.) உடனே அழித்தேன். அதற்குள் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள்.

இதை மறைத்துவிட்டுத் தொடங்கலாமா என்று பார்த்தேன். எழுதிக் கைவிட்ட ஆரம்பங்கள் இவை:

‘கீரிக் கடற்கரையில் அன்று காற்று’

(வேண்டாம். கடற்கரைக் கதை காற்றில்தான் தொடங்கவேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை.)

‘உருவங்களின் யுகத்தில் மனிதன் என்பவன் தன்னுடைய’

(இது அந்த எழுத்தாளர்கள் குழுவுக்குப் பிடிக்கும். வேண்டாம்.)

‘பைறூஸ் தன் முகத்தை இன்னொருவனின் போனில்தான் முதலில் கண்டார்.’

இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

2.

பைறூஸ் தன் முகத்தை இன்னொருவனின் போனில்தான் முதலில் கண்டார். கீரிக்குப் போகிற வழியில் இருந்தது அவருடைய பட்டறை. படகு எஞ்சின்கள் திருத்துவது பிழைப்பு. தன் ஊரான தாராபுரத்தில் வீட்டுக்குப் பக்கத்துச் சிறிய பள்ளிவாசலில் பாங்கு சொல்வது, அதாவது தொழுகைக்கு அழைப்பது, ஒன்பது வருடமாக அவர் விரும்பி எடுத்துக்கொண்ட வேலை.

அன்று காலை கிறிஸ்ரியின் எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தார். கிறிஸ்ரி போனை நீட்டினான்.

“நானா, நீங்கள் இப்ப பெரிய ஆள். கொழும்பு வரைக்கும் ஓடுது.”

பைறூஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டுப் பார்த்தார். தன்னை அடையாளம் கண்டார். பிறகுதான் பக்கத்தில் இருந்தவனைக் கண்டார். அவனையும் அவருக்குத் தெரியும்.

“சிரிப்பு வருதோ உனக்கு?” என்று கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது என்கிறான் கிறிஸ்ரி.

“முதல் வந்ததுதான், நானா. இப்ப உங்கட முகத்தைப் பாத்தா வரேல்ல.”

(முதல் வரைவில் இந்த இடத்தில் பைறூஸை அழவைத்திருந்தேன். பின்னாளில் அதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, “நான் அழேல்லயே. அந்த எஞ்சினை முழுக்கக் கழட்டித் திரும்பப் பூட்டினனான். பழுது இருந்தது ஒரு இடத்திலதான்” என்றார். என்னுடைய வாக்கியத்தை விட அது நல்லது.)

3.

அந்த வில்லனை அவருக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவேண்டும்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது பைறூஸுக்கு ஒன்பது வயது. வளர்ந்தது புத்தளத்தில், ஓலைக் குடிசைகள் நிரம்பிய அகதி முகாமில். முகாமுக்கே ஒரு தொலைக்காட்சி, கார் பற்றரியில் ஓடியது. சனிக்கிழமை பின்னேரம் மல்யுத்தம். அதில் வருவான் ஷா ஸமான்.* பாலைவனத்திலிருந்து வந்தவனாம். அரபு மாதிரி ஏதோ முழங்குவான். அரங்கிலிருக்கிற சனம் எழும்பி நின்று கூவும். அவன் கண்ணை மூடி, காதில் விரலை வைத்து, அந்தக் கூச்சலுக்கு முகத்தை உயர்த்திக் காட்டுவான். கூச்சல் இரண்டு மடங்காகும்.

முகாம் பிள்ளைகளும் கூவினார்கள். பதினைந்து வயதுப் பைறூஸின் குரல் எல்லாவற்றிலும் பெரியது. தொலைக்காட்சியில் இருந்தவர்கள் யாரை வெறுக்கச் சொன்னார்களோ அவனை வெறுத்தார்கள். அவன் தலையில் இருந்த துண்டு தங்கள் வாப்பாமார் தோளில் கிடக்கும் துண்டுதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

* பெயரை நான் மாற்றியிருக்கிறேன். அவனைப் போலப் பலர் அந்த மேடைகளில் ஏற்றப்பட்டார்கள். இவனுடைய காட்சிகள் ஒரு சமூகத்தையே இழிவுசெய்கின்றன என்று எதிர்ப்பு எழும்ப, ஒருநாள் சத்தமில்லாமல் அவனை எடுத்துவிட்டார்கள்.

4.

பாங்கு சொல்கிறவர் காதில் விரல் வைப்பது பழைய வழக்கம். வெளிச் சத்தம் அடங்கும்; குரல் சிதறாமல் எழும்பும். பைறூஸ் அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள், நண்பகல் லுஹர் பாங்குக்குக் கையை உயர்த்தினார். பின்னாலிருந்து யாரோ மூச்சுக்குள் சிரித்தது கேட்டது. உண்மையாகச் சிரித்தார்களா என்பது அவருக்கே நிச்சயமில்லை. கையை இறக்கினார். தொங்கவிட்ட கைகளோடு சொன்னார்.

அப்படிச் சொன்னபோது எல்லாம் கேட்டது. ஒலிபெருக்கியின் இரைச்சல், தெருவில் போன ஓட்டோ, தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவது. மூன்றாம் நாள் பின்னேர அஸர் பாங்கின்போது ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

அதே கிழமை, சிங்கள இணையப் பக்கமொன்று அந்தப் படத்தை எடுத்து வேறு வரி எழுதியது. புத்தளத்தில் வளர்ந்தவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அந்த வரியில் மின்கட்டணம் இல்லை. ‘இவன்களுக்கு’ என்று தொடங்கியது. (அதை இங்கே நான் முழுதாக எழுதப்போவதில்லை. ஒருமுறை பரப்பியது போதும்.)

பைறூஸ் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஜமால்தீனிடம் போனார்.

“கொஞ்ச நாளைக்கு வேற ஆரையும் சொல்லச் சொல்லுங்கோ.”

“ஏன், தொண்டை சரியில்லையோ?”

“ஓம்” என்றார் பைறூஸ்.

ஜமால்தீனுக்கும் படம் தெரியும். இருவரும் தொண்டையைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

5.

இங்கே ஒரு பாத்திரத்தைச் சந்தேகித்து இரண்டு தடவை நீக்கினேன். பைறூஸின் மகள் நுஹா. கிழக்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கதையை முடிக்க வசதியாக ஒரு மகளைக் கொண்டுவந்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான். அவளை நீக்கினால் கதை பொய்யாகிவிடும்.

விடுமுறைக்கு வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பட்டறைக்கே போனாள்.

“வாப்பா, அந்தப் படம் நான் எடுத்தது.”

பைறூஸ் திரும்பவில்லை. ஒரு ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நோன்பில, உங்களுக்குத் தெரியாம எடுத்தனான். வடிவா இருந்தீங்கள். ‘என்ர வாப்பா’ எண்டு எழுதிப் போட்டனான். ஆரோ அதை எடுத்து... முதல் கிழமையே எங்கட வகுப்புப் பிள்ளையளின்ர குழுவில வந்தது. எல்லாரும் சிரிச்சினம். நான் ஒண்டும் சொல்லேல்ல.”

“நீ சிரிச்சியோ?”

“பக்கத்தில இருந்தவள் என்னைப் பாத்தவள். சிரிச்சனான்.”

பைறூஸ் கதிரையைத் துடைத்து அவளை உட்காரச் சொன்னார். முகாமைப் பற்றி, கார் பற்றரியைப் பற்றி, தான் எவ்வளவு பலமாகக் கூவினார் என்பதைப் பற்றிச் சொன்னார். இதையெல்லாம் அவளுக்கு அதற்கு முன் சொன்னதில்லை.

“அவன் இப்ப எங்க இருக்கிறான் எண்டு பாக்கேலுமோ மகள்?”

6.

நுஹா தேடினாள். ஷா ஸமானாக நடித்த வயோதிபர் சமையலறை மேசையில் இருந்து பேசும் நேர்காணல் கிடைத்தது. தாடி இல்லை, தலைத்துண்டு இல்லை. அவள் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

“தான் அரபுக்காரனே இல்லையாம். அந்த மல்யுத்தம் நடக்கிற நாட்டிலயே பிறந்தவராம். முதல் நாள் மேடையில ஏறினவுடன ஆயிரக்கணக்கான சனம் ‘உன்ர நாட்டுக்குப் போ’ எண்டு கத்தினதாம். அப்பிடிச் சத்தத்தைத் தான் வாழ்க்கையில கேட்டதில்லையாம். பயத்தில கண்ணை மூடிக் காதைப் பொத்திப்போட்டாராம். கொம்பனிக்காரருக்கு அது பிடிச்சுப்போச்சாம். ஒவ்வொரு கிழமையும் அதையே செய் எண்டவையாம். பாங்கு மாதிரி முழங்கச் சொன்னது பிறகுதானாம். அதுக்கு இப்பவும் வெக்கப்படுறாராம்.”

“திரும்பப் போடு.”

திரும்பப் போட்டாள். பைறூஸ் மொழி புரியாமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தாளுக்குக் கேட்டிருக்கு மகள்” என்றார். “நாங்கள் கூவினது அவ்வளவும் கேட்டிருக்கு.”

(நான் எழுதவந்தது வில்லனாக ஆக்கப்பட்ட ஒரு நல்ல மனிதரின் கதை. இந்த இடத்தில் அது என் கையைவிட்டுப் போய்விட்டது. தன்னைக் கேலிசெய்ய எடுத்த முகத்துக்காக அவர் வருந்திக்கொண்டிருந்தார். அதை எந்தப் பக்கம் நின்று எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலிருந்தே எழுதுகிறேன்.)

7.

முடிவுகள்.

அ. அந்தக் கேலிப் படத்தைச் செய்தவன் தேடிவந்து மன்னிப்புக் கேட்கிறான். நடக்கவில்லை. யார் செய்தது என்றே ஒருவருக்கும் தெரியாது.

ஆ. பைறூஸ் ஒரு காணொளியில் விளக்கம் சொல்ல, அது படத்தைவிட வேகமாகப் பரவுகிறது. நுஹா இதைக் கேட்டுப் பார்த்தாள். “விளக்கத்தையும் வெட்டி ஒட்டுவாங்கள்” என்று அவர் மறுத்துவிட்டார்.

இ. அவர் பாங்கு சொல்வதை நிரந்தரமாக விட்டுவிடுகிறார். இதை எழுதி முடித்தே வைத்திருந்தேன். இலக்கியத்தனமாகத்தான் இருந்தது. அதோடுதான் அவரைப் பார்க்கப் போனேன்.

படத்தை நானும் அனுப்பினேன் என்று முதலில் சொன்னேன். தலையை ஆட்டினார். எத்தனை பேருக்கு என்று கேட்கவில்லை. கதையாக எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதுங்கோ. ஆனா படம் போடாதேங்கோ.”

பிறகு நேரத்தைப் பார்த்து எழுந்தார். நுஹா பட்டறைக்கு வந்துபோன மறுநாளே ஜமால்தீனிடம் போய்த் தொண்டை சுகமாகிவிட்டது என்று சொன்னாராம்.

நான் பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நின்றேன். பொழுதுபட்டு மஃரிப் நேரம். மதில் என் நெற்றி உயரம்தான். குதிகாலை உயர்த்தினால் உள்ளே தெரியும். அவர் கைகள் காதில் இருந்தனவா, பக்கத்தில் தொங்கினவா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். பார்த்திருந்தால் எழுதியிருப்பேன். எழுதியிருந்தால் அவர் இன்னொரு தடவை படமாகியிருப்பார். அதனால் அந்தக் கைகளை உங்களிடமே விடுகிறேன். எங்கே வைக்கத் தோன்றுகிறதோ அங்கே வையுங்கள்.

குதிகாலை உயர்த்தவில்லை. குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு இருந்தது. பாங்கு முடியும்வரை மதிலோடு நின்றேன். ஓரிடத்திலும் அவர் தடுமாறவில்லை.