பச்சை டேப்

கடுகு என்றால் குடும்பத்தில் தெரியாதவர் கிடையாது. ஆள் குள்ளம், கோபம் வந்தால் வெடித்துவிட்டுத்தான் அடங்குவாள். அவளிடம் போய் வாலாட்டினான் அண்ணன், அதுவும் கூடப் பிறந்த அண்ணன்.

பழைய வண்டிகளை வாங்கி விற்பவன் அவன். "தங்கச்சிக்குன்னே எடுத்து வச்சேன்" என்று ஒரு டீசல் வேனை அவள் தலையில் கட்டினான். பார்க்கப் போன மத்தியானம் சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆன வேன், வீட்டுக்கு வந்தபின் குளிர்ந்த விடியற்காலையில் மட்டும் மக்கர் பண்ணியது. அவள் வேலையோ விடியற்காலையில் கடை கடையாக ரொட்டி போடுவது. பேக்கரிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு ரொட்டி போடும் லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அம்மா வீட்டில் சித்தப்பா குடும்பமெல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அண்ணன் சொன்னான்: "வண்டில ஒரு குறையும் இல்ல. இவளுக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியல." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கடுகின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மெக்கானிக் கடையில் வேன் சமர்த்துப் பிள்ளையாக நடந்துகொண்டது. இழுத்துக் கிளப்பி அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இஞ்சின் சூடாகிவிடுமே! கடைசியில் மெக்கானிக், "சாவியைத் தொடாதீங்கக்கா, விடியறப்ப நானே வீட்டுக்கு வரேன்" என்றார்.

வந்து பார்த்தார். பேட்டரியில் குறையில்லை. டீசல் வந்தது. இஞ்சின் சுற்றியது, வெள்ளைப் புகை கக்கியது, பற்றிக்கொள்ளவில்லை. குளிர்ந்த இஞ்சினுக்கு உள்ளே சூடேற்றித் தரும் ஹீட்டர் பிளக்குகள் மேல் அவருக்குச் சந்தேகம். ஆனால் ஓட்டுநர் முன்னாலிருக்கும் ஹீட்டர் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. தலையைச் சொறிந்தவர், சோதனை பல்பை நேராகப் பிளக்கிலேயே வைத்தார். பல்பு எரியவில்லை. அங்கே கரண்டே வரவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போன கை, பேட்டரிக்குப் பின்னால் பச்சை டேப் சுற்றிய இடத்தில் நின்றது.

"பிளக்குக்குக் கரண்ட் விடற ரிலே செத்துப்போச்சு. அதை மாத்தாம, விளக்கு மட்டும் எரிஞ்சு அணையற மாதிரி ஒட்டு போட்டிருக்காங்க. இது பழுது இல்லக்கா, யாரோ உக்காந்து செஞ்ச வேலை."

அண்ணன் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் அந்தப் பச்சை டேப் சுருள் சுருளாகக் கிடப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"புது ரிலே போட்டுடவா?"

"போடாதீங்க. நாளைக்கு வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றாள் கடுகு. லைனைத் திரும்பக் கேட்பது அப்புறம். முதலில், அன்று அவன் தன்னை நிற்க வைத்ததுபோல, நாலு பேர் முன்னால் அவனும் நிற்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து பிளக்குக்கு நேராக ஒரு வயரைத் தொட்டு வைத்து, மெக்கானிக் வேனைக் கிளப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அதைக் கொண்டுபோய் அண்ணனின் யார்டு கேட்டை மறித்து நிறுத்தினாள். கேட்டுக்கு முன்னால் நல்ல ஏற்றம்.

மறுநாள் வண்டி வாங்குகிறவர்கள் வரும் நாள். குளிர் விடாத காலையில் அவள் போனபோது கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டமே நின்றது. பக்கத்துச் சின்னக் கதவு வழியாக அண்ணன் பாய்ந்து வந்தான்.

"எடுடி வண்டிய!"

"எனக்குத்தான் ஸ்டார்ட் பண்ணத் தெரியாதேண்ணா. நீயே எடு" என்று சாவியை நீட்டினாள்.

திருப்பினான். விளக்கு எரிந்தது, அணைந்தது, புகை வந்தது. மறுபடி திருப்பினான். மறுபடி புகை.

"ஒரு கை குடுங்கப்பா, தள்ளிடலாம்" என்றான் வந்தவர்களைப் பார்த்து.

"வண்டி வாங்க வந்தோமா, தள்ள வந்தோமா?" என்றார் தொப்பி போட்ட ஒருவர்.

அண்ணனுக்கு வியர்த்தது. வந்தவர்கள் வாட்சைப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பானட்டைத் திறந்தான். பேட்டரியைப் பார்க்கவில்லை, டீசல் குழாயைத் தொடவில்லை. உள்ளே ஓடி ஒரு துண்டு வயரை எடுத்து வந்தான். ஒரு நுனியைப் பேட்டரியில், மறு நுனியைப் பிளக்கில் வைத்துக் கொஞ்சம் பொறுத்தான். பிறகு சாவியைத் திருப்பினான். வேன் உறுமிக் கிளம்பியது.

"அண்ணே, மெக்கானிக்குக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது ஆச்சு. நீ தேடவே இல்லையே!" என்றாள் கடுகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "விளக்கு எரியுதே, அப்புறம் எப்படி ஹீட்டர்தான்னு தெரிஞ்சுது?"

தொப்பிக்காரர் பச்சை டேப்பைக் குனிந்து பார்த்தார். சின்னக் கதவு வழியாக உள்ளே போய், தான் வாங்க வந்த வண்டியின் பானட்டில் கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சூடு பண்ணி வச்சிருக்கியா?"

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கடுகுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வேனில் ஏறி உட்கார்ந்தாள். இஞ்சினை அணைக்காமல், தன் செல்போனில் அம்மாவின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, ஜன்னல் வழியாக அண்ணனிடம் நீட்டினாள்.

"சொல்லு" என்றாள். "அன்னைக்கு எவ்வளவு சத்தமா சொன்னியோ, அதே சத்தத்துல சொல்லு."