மீன் இல்லாத தண்ணீர்

முத்துப்பாண்டி தீவன டப்பாவின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டதும் பாண்டிச்செல்வி அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து வந்தாள். அவன் ஒரு கையால் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தீவனத்தைக் கிள்ளித் தண்ணீரில் உதிர்த்துவிட்டுக் காத்து நின்றான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். காது மட்டும் தண்ணீரின் பக்கம் சாய்ந்திருந்தது.

"ஓடியாருதுகளா?"

"ஆமா. போட்டி போட்டுக்கிட்டு."

"வயித்துக்காரி?"

"அவதான் மொதல்ல. மத்ததுகள முட்டித் தள்ளிட்டு வாரா."

அவன் சிரித்தான். முகத்தின் வலப்பக்கம் தீய்ந்து இறுகிப் போயிருந்ததால் சிரிப்பு இடப்பக்கத்தில் மட்டும் வந்தது. தொட்டியில் மீன் ஒன்றுகூட இல்லை. தீபாவளிக்கு முன்பே எல்லாம் செத்துப் போயிருந்தன. அவன் போட்ட தீவனம் மேலே மிதந்து, ஊறி, பாசிகளுக்கு நடுவே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

போன வருஷம் போனஸ் வாங்கியதும் சிவகாசி போய் அவன் வாங்கி வந்த தொட்டி அது. தாயில்பட்டியில் அந்தத் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. துணி வைக்க ஒரு பீரோ கிடையாது, மீனுக்குக் கண்ணாடி மாளிகை கேட்கிறதோ என்று பக்கத்து வீட்டுப் பொன்மணி மதினி வாசலில் நின்றே கேட்டாள். அவன் எதையும் காதில் வாங்கவில்லை. ஆற்று மணலை அரித்துக் கழுவிப் பரப்பினான். வெம்பக்கோட்டை அணைக்குப் போய் வேலம்பாசியும், நாடா போல நீளமாக வளர்கிற ஏதோ ஒரு புல்லும் ஈரச்சாக்கில் சுருட்டி வந்து ஒவ்வொன்றாக ஊன்றினான். பட்டாசு மருந்தில் புழங்குகிற கையோடு தொட்டியைத் தொட மாட்டான். வேலையிலிருந்து வந்து புளியும் உப்பும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் குளித்த பிறகுதான் தண்ணீருக்குள் கை வைப்பான். தன்னைத் தொடுவதற்கு முன் அவன் அவ்வளவு தேய்த்துக் கழுவியதில்லை என்று அப்போது அவள் நினைத்ததுண்டு.

ஆனி மாதத்தில் அவன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்த இருவரும் போய்விட்டார்கள். வாசற்படியில் நின்றிருந்த முத்துப்பாண்டி முகமும் வலது கையும் தீய்ந்து உயிர் தப்பினான். மதுரை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து, இரண்டு கண்ணுக்குள்ளும் பார்வைக்கென்று எதுவும் மிச்சமில்லை, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். தணிந்த குரலில்தான் சொன்னார். அவள் கட்டிலுக்குத் திரும்பியபோது அவன் காலடிச் சத்தத்தை வைத்தே முகத்தைத் திருப்பி, என்ன சொன்னாக என்று கேட்டான். புண் ஆறட்டும் என்கிறார்கள், பொங்கல் கழித்து ஆபரேசன் பண்ணுவார்களாம் என்று அவள் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாகச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு அவன் பொங்கலைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்ந்தான். கண்ணைத் திறந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பேன், நீ கோவிச்சுக்கிரக் கூடாது என்று கேலி பேசுவான். பக்கத்து ஊரில் இதே போலக் கண் போன ஒருவன், இனி வராது என்று தெரிந்த வாரமே பூச்சிமருந்தைக் குடித்துவிட்ட கதையை வேலைக்குப் போகிற வேனில் பேசிக்கொண்டார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொங்கல் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். கார்த்திகையும் பிறந்துவிட்டது.

வேன் அவளை நாரணாபுரத்துப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஏற்றிப் போயிற்று. முன்பெல்லாம் வீட்டிலிருந்தே காகிதக் குழாய் உருட்டியவள், இப்போது பூச்சட்டிக்குள் மருந்தை இறுக்கி அடைத்துக் கிட்டித்தாள். சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் வேலை. சாயங்காலம் இறங்கும்போது நகக்கண்ணெல்லாம் வெள்ளியாக மின்னும். அப்படி வந்த ஒருநாள், தீவனம் போடும்போது பாசி பெயர்ந்து கையில் தட்டுகிறது, ஊன்றிவிடு என்று அவன் சொன்னான். கையைக் கழுவினாயா என்றும் கேட்டான். கழுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே முழங்கை வரை உள்ளே விட்டாள். சும்மா குழாயடியில் நனைத்த கைதான் அது. மறுநாள் விடிந்தபோது மீன்கள் எல்லாம் வயிறு வெளுத்து மேலே கிடந்தன. வயிறு தள்ளிய சாம்பல் நிறத்து வயித்துக்காரியும் கிடந்தாள். தன் கையால்தான் செத்தனவா என்பது அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நிச்சயமில்லாதது ஆறுதலாகவும் இல்லை. ஒரு லேபிள் காகிதத்தில் மடித்து எடுத்துப் போய் ஓடைப் பக்கம் போட்டாள். பாதித் தண்ணீரை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை போய் வேறு மீன் வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தாள்.

ஞாயிறுகள் போயின. இல்லாத மீன்கள் அவள் வாயில் நன்றாக நீந்தப் பழகிவிட்டன. உயிரோடு இருந்த காலத்தில் இல்லாத குணமெல்லாம் அவற்றுக்கு வந்தது. ஒன்று பொறாமைக்காரி, ஒன்று சோம்பேறி. போன வாரம் வயித்துக்காரியைக் குட்டி போடவும் வைத்துவிட்டாள். அதைக் கேட்ட சந்தோஷத்தில் அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"செத்த மீனுக்குப் பேறுகாலம் பாத்தவ நீ ஒருத்திதான்டி" என்றாள் எல்லாம் அறிந்த பொன்மணி மதினி, குழாயடியில். "பொங்கல் கழிச்சு என்ன சொல்லப் போற?"

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தொட்டிக் கண்ணாடியில் வெள்ளை நூல் ஒன்று ஊர்வதை அந்த நாட்களில்தான் முதலில் பார்த்தாள். அருவருப்பில் துணியால் துடைக்கப் போனாள். அது உள்பக்கம் இருந்தது. சில நாளில் இன்னொன்று, அப்புறம் பல. தண்ணீரில் ரவையைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் சொடுக்கிச் சொடுக்கித் தத்தின. கண்ணாடியோடு மூக்கை வைத்துப் பார்த்தால் சிலவற்றின் வால் பக்கம் இரண்டு பொதிகள் தொங்கின. முட்டையாக இருக்கும். வேலம்பாசி இலைகளில் கடுகு போல நத்தைகள். யார் கொண்டுவந்து விட்டார்கள்? பாசியில் ஒட்டி வந்து இத்தனை நாள் எங்கே கிடந்தன? வேலைக்குப் போவதற்கு முன் கொஞ்ச நேரம், வந்த பிறகு கொஞ்ச நேரம் அவள் அங்கே குத்தவைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அவற்றைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. யாருக்காகவும் எதையும் புனைய வேண்டாத ஒரே இடமாக அது இருந்தது.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கரண்ட் போயிருந்தது. காற்றடிக்கிற மோட்டார் நின்று தண்ணீர் அசையாமல் கிடக்க, வாசல் வெளிச்சம் தொட்டிக்குள் நேராக விழுந்தது. ஒரு புல்லின் நுனியில் பச்சை நூல் போல ஏதோ ஒன்று ஒட்டி நின்று, முடி மாதிரிக் கைகளை விரித்துக் காத்திருந்தது. தத்தி வந்த வெள்ளைப் புள்ளி ஒன்று அதில் பட்டது. கைகள் சுருங்கின. புள்ளி துடித்தது.

"இங்கன வந்து பாருங்களேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாயில் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். "பொங்கலுக்குள்ள என்னடி அவசரம். நீயே பாத்துச் சொல்லு."

அவள் சொன்னாள். மீன் கதையெல்லாம் தடங்கலில்லாமல் வரும். இதற்குச் சொல் கிடைக்காமல் திணறினாள். நூல் என்றாள், இல்லை, முருங்கைக் காம்பு மாதிரி என்றாள். அவன் எழுந்து தடவிக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தான். அந்தத் தத்துகிற புள்ளி எப்படித் தத்துகிறது என்று துருவித் துருவிக் கேட்டான். முகம் மலர்ந்துவிட்டது. "தண்ணிப்பேன்டி அது. சின்னப்புள்ளையில கம்மாயில துணியப் போட்டு அரிச்சு எடுப்போம். மீனுக்கு அது சாத்தூர்ச் சேவு மாதிரி. கண்டா விடாது. எம்புட்டு கெடக்கு?"

"தொட்டி பூராம். எண்ண முடியாது."

அவள் நத்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். சற்று நேரம் கழித்துத்தான் அவன் மூச்சு மாறியிருப்பது தெரிந்தது.

"செல்வி, மீனு கெடக்குற தொட்டில அது ஒண்ணுகூட மிஞ்சாது."

தெருவில் சைக்கிள் ஒன்று போயிற்று.

"எப்பச் செத்துச்சு?"

"தீவாளிக்கு முன்ன."

"எல்லாமுமா?"

"எல்லாம்."

கையைச் சரியாகக் கழுவாததை அவள் சொல்லத் தொடங்கினாள். அவன் வேண்டாம் என்று கையை அசைத்தான். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடப்பது போல, இத்தனை மாதம் அவள் சொன்ன ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவன் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தான். எங்கே போய் நிற்பான் என்பது அவளுக்குத் தெரியும். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. கால் மரத்திருந்தது.

"அந்த டாக்டர் ஒன்னைய மட்டும் வெளிய கூப்புட்டாரே."

"ஆமா."

"என்ன சொன்னாரு?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. என்றைக்கும் போலச் சரளமாக வந்திருக்கும்.

"ஆபரேசன் இல்லைன்னாரு."

"பொங்கலுக்கா?"

"எப்பவுமே."

அவன் தலையை ஆட்டினான். கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுவது போல. பிறகு தொட்டியின் மூடியை நகர்த்திவிட்டு, தீய்ந்த வலது கையை முழங்கை வரை தொட்டிக்குள் இறக்கினான். விரல்கள் மணலைத் தொட்டதும் வண்டல் கிளம்பித் தண்ணீர் பழுப்பாகிக் கையை மறைத்தது. அவள் வண்டல் இறங்கி அந்தக் கை மறுபடி தெரிகிறவரை கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

கை பாசிகளுக்கு நடுவே அசையாமல் நின்றது. தோல் சுருங்கி மினுமினுத்த இடத்தில் அவனுக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. வெள்ளைப் புள்ளி ஒன்று தத்தி வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது. அப்புறம் இன்னொன்று. அவன் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.