பெரிய டாக்டருக்கு ஒரு காயம் வேண்டும்

தம்பி என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் ஊன்றுகோலும் இன்னொரு கையில் வீடியோ கேம் பெட்டியும் வைத்திருந்தான். துணிமணியை டாக்சிக்காரர்தான் தூக்கிவந்தார். கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து, முழங்கால் தசைநார் அறுந்து, ஆபரேஷன் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

"மூணு வாரம்தான்க்கா. அதுக்கு மேல இருந்தா நீயே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடு" என்றான்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது.

அதற்கு முன் எட்டு வருடம் நான் தனியாக இருந்தேன். கல்யாணம் ஒன்று நடந்து, முடிந்தும் போயிருந்தது. எனக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. பிரேமின் அளவை எடுத்து, அதற்கேற்ப லென்ஸின் விளிம்பைத் தீட்டிப் பொருத்தித் தர வேண்டும். கடைக்கு வருகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்ற சீட்டு மட்டும் என்னிடம் வரும். சாயங்காலம் வீடு திரும்பினால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நிம்மதி என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன்.

தம்பி வந்த பிறகு டம்ளர் எங்கெங்கோ இருந்தது. சோபாவுக்கு அடியில் சாக்ஸ், குளியலறைத் தரையெல்லாம் தண்ணீர். நான் திட்டிக்கொண்டே எடுத்து வைப்பேன். திட்டும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்கும்.

அவன் ஆடியது படை வைத்து ஆடுகிற கேம். கட்டம் போட்ட ஒரு வரைபடம், நம் முறை, எதிரியின் முறை என்று மாறி மாறிப் போகும். செத்தவன் செத்தவன்தான். அடுத்த போரில் எழுந்து வரமாட்டான். இது அந்தத் தொடரின் நான்காவது பாகம். முதல் மூன்றையும் காலேஜில் படிக்கும்போதே அவன் கரைத்துக் குடித்திருந்தான்.

"என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு நீயும் ஒரு ஆளை எடுத்து ஆடேன்" என்று ஒரு நாள் கன்ட்ரோலரை என் கையில் திணித்தான். "இந்தா, இவ உனக்கு."

வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண். வாளும் இல்லை, வில்லும் இல்லை. கையில் ஒரு கோல் மட்டும். அடிபட்டவனுக்குப் பக்கத்துக் கட்டத்தில் போய் நின்று கோலை உயர்த்தினால் அவன் காயம் ஆறிவிடும்.

"இவ பேரு என்னடா?"

"பேரை விடு, இப்ப இவ வெறும் கம்பவுண்டர். இருபதாவது லெவல் வந்தா பிரமோஷன், பெரிய டாக்டர் ஆயிடுவா. ஏழு கட்டம் தள்ளி நின்னே வைத்தியம் பாப்பா. பெரிய டாக்டர் இருந்தா நம்ம படையை ஒருத்தனும் அசைக்க முடியாது."

"தனக்கு அடிபட்டா?"

"தனக்குத் தானே போட்டுக்க முடியாது. ரூலு."

"என்ன ரூலோ."

"கேம் பண்ணவன்கிட்ட போய்ச் சண்டை போடு, போ."

மற்றவர்களுக்கு எதிரியை வெட்டினால் லெவல் ஏறும். கம்பவுண்டருக்கு யாராவது அடிபட வேண்டும். எல்லாரும் நன்றாக இருந்தால் அவளுக்கு வேலையும் இல்லை, ஏற்றமும் இல்லை. அதனால் இதை ஆடுகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. கடைசி எதிரி ஒருவனை, அதிகம் வலுவில்லாதவனாகப் பார்த்து, கொல்லாமல் விட்டுவைப்பார்கள். நம் ஆள் ஒருவனை அவன் முன்னால் நிறுத்துவார்கள். அவன் சுற்றுக்கு ஒரு அடி அடிப்பான், கம்பவுண்டர் சுற்றுக்கு ஒரு முறை குணமாக்குவாள். "சோம்பேறி வேலைதான். ஆனா நல்லா வேலை செய்யும்" என்று தம்பிதான் சொன்னான்.

மூன்று வாரம் முன்பு கடையில் இருந்தபோது பிசியோதெரபிஸ்ட் என்னைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம்.

"மேடம், தம்பிக்கு மூட்டு நல்லா மடங்குது. வேலைக்குப் போகலாம்னு லெட்டர் குடுத்துடலாம்னு பாக்கறேன். அவரைக் கேட்டா எல்லாத்துக்கும் சூப்பர் சார்ங்கறார். அதான் உங்களைக் கேக்கறேன். வீட்ல எப்படி இருக்காரு?"

அந்த லெட்டருக்காகத் தம்பி காத்திருந்தான். அவன் கம்பெனி வேறொரு ஊரில் புதுக் கிடங்கு திறந்திருந்தது. மேற்பார்வையாளர் வேலையை மாதக் கடைசிவரை அவனுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே வீடு கிடைக்குமா, ஜன்னல் பக்கம் மரம் இருக்குமா என்றெல்லாம் சாப்பிடும்போது பேசுவான். நான் 'ம்' கொட்டுவேன்.

"படி ஏறும்போது முனகறான்" என்றேன்.

"அப்படியா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உங்ககிட்ட சொல்ல மாட்டான்."

"சரி, அப்ப அவசரப்பட வேணாம். இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினேன். அடுத்து தீட்டிய லென்ஸ் அரை மில்லிமீட்டர் சின்னதாகப் போய்விட்டது. பிரேமில் நிற்கவில்லை. வேறு ஒன்று எடுத்து முதலிலிருந்து செய்தேன்.

இன்னும் ஒரு மாதம் என்று கேட்டு வந்த அன்று தம்பி, "உள்ள ஏதோ சரியா ஒட்டலை போலக்கா. சொல்ல மாட்டேங்கறாங்க" என்றான். மறுநாளிலிருந்து முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நான்காம் நாள், மூலையில் சாத்தியிருந்த ஊன்றுகோலை மறுபடி எடுத்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வெந்நீர்ப் பை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றான். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை பக்கத்தில் நின்றபோது என் மனம் லேசாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

போன சனிக்கிழமை மத்தியானம் அவன் பிசியோ பயிற்சிக்குப் போயிருந்தான். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. நான் கேமைத் திறந்தேன். கம்பவுண்டர் பத்தொன்பதாவது லெவலில் இருந்தாள். களத்தில் மிச்சம் ஒரே ஒரு கொள்ளைக்காரன், உடைந்த கோடரியோடு. அவன் முன்னால் தடியனை நிறுத்தினேன். தடியன் இரும்புக் கவசம் போட்டவன். முதல் போரிலிருந்து தம்பி பார்த்துப் பார்த்து வளர்த்தவன்.

கொள்ளைக்காரன் அடித்தான், நான் ஆற்றினேன். அடித்தான், ஆற்றினேன். அலுக்கவே இல்லை. அறுபதாவது சுற்றில் திரை வெளுத்தது. முக்காட்டின் ஓரத்தில் தங்கக் கரை முளைத்து, கோல் அவள் உயரத்துக்கு நீண்டது. பெரிய டாக்டர். கொள்ளைக்காரனைத் தீர்த்துவிட்டு அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஏழு கட்டம் தள்ளி நின்று குணமாக்கிப் பார்க்க ஆசை வந்தது. அவளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். பெரிய காயமாக இருந்தால் நன்றாகத் தெரியுமே என்று இரண்டு மூன்று சுற்று ஆற்றாமலே விட்டேன். நம் ஆள் ஒருவர் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறவரைதான் எதிரியின் அதிர்ஷ்ட அடி, ஒரே வீச்சில் ஆளைத் தீர்க்கிற அடி, விழாது. அதுவும் இந்த கேமின் விதிதான், எனக்கும் தெரிந்ததுதான். தூரத்தில் நிற்கிற ஆசையில் மறந்துபோனேன். கொள்ளைக்காரன் கோடரியை ஒரு சுழற்றுச் சுழற்றினான். தடியன் முழங்காலிட்டான், "பரவாயில்லை" என்று ஒரு வரி சொன்னான், மறைந்துவிட்டான். ஒவ்வொரு சுற்றும் தானாகவே சேமிப்பாகிவிடும். திருப்பி எடுக்க வழியில்லை.

தம்பி வந்து ஊன்றுகோலைச் சாத்திவிட்டு சோபாவில் உட்கார்ந்தான். "அட, பெரிய டாக்டர் ஆயிட்டாளா! சொல்லவே இல்ல!" என்று திரையைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, "தடியன் எங்க?"

"செத்துட்டான்டா."

"யாரு அடிச்சா?"

நான் அந்தக் கொள்ளைக்காரனைக் காட்டினேன்.

"இவனா? இந்தப் பொடிப்பயலா? கோடரி கூட உருப்படியா இல்ல." பொத்தானை அழுத்திச் சுற்றுக் கணக்கைப் பார்த்தான். "அறுபத்தி நாலு சுத்தா! அக்கா, ஒருத்தனை நிக்க வெச்சு அறுபத்தி நாலு தடவை உதை வாங்க விட்டிருக்க. நீ டாக்டர் இல்ல, எமன்." சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது. "அவன் நல்லாத்தானே இருந்தான்? பேசாம முடிச்சிட்டு வந்திருக்கலாம்ல?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். என்னால் சிரிக்க முடியவில்லை.

"உன் கால் சரியாயிடுச்சு" என்றேன்.

"என்னது?"

"மூணு வாரம் முன்னாடியே சரியாயிடுச்சு. பிசியோ லெட்டர் குடுக்கறேன்னுதான் எனக்குப் போன் பண்ணாரு. படி ஏறும்போது நீ முனகறேன்னு நான்தான் சொன்னேன்."

அவன் கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் தன் முழங்காலையே பார்த்தான்.

"நான் திரும்பக் கம்பை எடுத்தப்ப நீ பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன்."

"வெந்நீர் வெச்சுக் குடுத்தியே."

"குடுத்தேன்."

"ஏன்க்கா?"

எத்தனையோ பதில்கள் எனக்குள் தயாராக இருந்தன. எல்லாமே உண்மை மாதிரி இருந்தன, எல்லாமே என்னைப் பற்றியே இருந்தன. அவற்றை விட்டுவிட்டுப் போனை எடுத்து பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, நான் அன்று சொன்னது பொய் என்றேன். "அவரு இப்பதானே மேடம் இங்கருந்து போனாரு" என்றார் அவர். தம்பி போனை வாங்கிக்கொண்டான். "சார், நான் திரும்ப வர்றேன். இன்னிக்கே பாத்துச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். கதவைச் சத்தமாகக்கூடச் சாத்தவில்லை.

ஆறு மணிக்கு லெட்டரோடு வந்தான். கிடங்குக்குப் போன் செய்தான். மேலாளர் ஏதோ சொல்ல, அவன் பலமாகச் சிரித்தது அறைக்குள்ளிருந்து கேட்டது. செவ்வாய்க்கிழமை சேர வேண்டுமாம். பிறகு பெட்டியை இழுத்துப் போட்டுத் துணிகளை அடுக்க ஆரம்பித்தான். வாசற்படியில் நின்று, "நான் மடிச்சுத் தரட்டுமா?" என்றேன்.

"வேணாம்க்கா. நான் பாத்துக்கறேன்."

அக்கா என்றுதான் சொன்னான். மனம் இறங்கிச் சொன்னானா, வாய்ப் பழக்கத்தில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

"திங்கக்கிழமை பஸ் ஏத்திவிட வரட்டுமா?"

அவன் நிமிரவில்லை. ஒரு சட்டையை மடித்து, பிடிக்காமல் உதறி, மறுபடி மடித்தான்.

"எதுக்கு? உனக்குக் கடை இருக்குல்ல" என்றான்.

கடை இருந்தது.