இணைக்கப்பட்டுள்ளது

நான்காவது நாளும் போன் அதையேதான் சொன்னது: இணைக்கப்பட்டுள்ளது. காரின் பாட்டுச் செட்டிலும் நீல விளக்கு எரிந்தது. சத்தம்தான் வரவில்லை.

றஜிதா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். போனில் 'கார் கிட்' என்ற பெயருக்குக் கீழே அந்தச் சொல். செட்டின் திரையில் அவளுடைய போனின் மொடல் பெயரும் அதற்குப் பக்கத்தில் நீல அடையாளமும். இரண்டும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்கவில்லை. கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வகுப்பில் தந்த ஒலிப்பாடம் ஒன்றை ஓடவிட்டாள். போனில் கோடு நகர்ந்தது, வினாடிகள் ஓடின. ஸ்பீக்கரில் ஒரு மூச்சுக்கூட இல்லை.

மணி மூன்று ஐம்பது. நாலு இருபதுக்குப் புருசன் சிவதர்ஷன் கட்டாரிலிருந்து அழைப்பான். அவனுக்கு அந்த நேரத்தில்தான் சாப்பாட்டு இடைவேளை. அந்த அழைப்பு இன்றைக்குச் செட்டில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காரின் திறப்பு தம்பி சுபாகரனுக்கு; அந்தச் சாவி போனால் காரும் போச்சு.

அது நேற்று முடிவான தீர்ப்பு. காலையில் முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு, பின்னேரம் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகரத்தில் இங்கிலீசு டிப்ளோமா வகுப்புக்குப் போவது றஜிதாவின் இந்த வருடத்து ஆசை. வாரத்தில் நான்கு நாள், ஐந்து மணிக்கு. கார் ஓட அவள் லைசன் எடுத்ததே அதற்காகத்தான். சிவதர்ஷன் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டிருந்தான்: ஓடும்போது போனைக் கையில் தொடக்கூடாது. அதற்கென்றே காத்தான்குடியில் நிஸ்தாரின் கடையில் புதுச் செட் பூட்டினார்கள். போன மாதம் முழுக்க அது ஒழுங்காகக் கதைத்தது. இந்தத் திங்கட்கிழமைதான் ஊமையானது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவனுடைய அழைப்பு பையின் அடியில் கிடந்து அடித்து ஓய்ந்தது. பாலத்தில் அடிபட்டுக் கிடக்கிறாளோ என்று அங்கே அவன் பதறிப்போனான்.

அது போதாதென்று இடது கதவில் ஒரு நீளக் கீறல். ஞாயிற்றுக்கிழமை அவள் சந்தைக்குப் போய்வந்து நிறுத்திய பிறகு அம்மாதான் அதைக் கண்டுபிடித்தாள். எங்கே உரசினாள் என்று றஜிதாவுக்கே தெரியவில்லை. யோசித்து யோசித்து, மீன் சந்தை மதிலாக இருக்கலாம் என்று கொப்பியில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள்.

"கதவையும் கீறியாச்சு, போனும் கேக்கிறல்ல. இவக்கு என்னத்துக்கு கார்?" என்று நேற்று அம்மா மருமகனிடம் போனில் கேட்டாள்.

"மாமி சொல்றது சரிதான்," என்றான் சிவதர்ஷன், பக்கத்தில் றஜிதா நிற்பது தெரிந்தும். "நாளைக்கும் செட் சரிவராட்டி சுபாவே அவளக் கொண்டுபோய் விடட்டும்."

சுபாகரன் கொண்டுபோய் விடுவது என்றால் என்னவென்று றஜிதாவுக்குத் தெரியும். ஒரு தடவை விட்டான். வழியில் ஒரு கூட்டாளி, பிறகு அந்தக் கூட்டாளிக்கு ஒரு வேலை. அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது மற்றவர்கள் வீட்டுவேலையைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் திறப்பு போனால் வகுப்பும் அதோடு போய்விடும். அம்மாவிடம் இதைச் சொன்னால், தம்பிமேல் பொறாமை என்பாள்.

கொப்பியை எடுத்தாள். இங்கிலீசுக் கொப்பியின் பின்பக்கங்களில், செய்து பார்த்ததையெல்லாம் திகதியோடு எழுதி வைத்திருந்தாள். போனை அணைத்துப் போட்டது. செட்டை அணைத்துப் போட்டது. பழைய இணைப்பை அழித்துவிட்டு, மறுபடியும் தேடி, 'கார் கிட்'டைத் தொட்டு, நாலு பூச்சியம் அடித்தது. சத்தத்தைக் கடைசிவரை கூட்டியது. கேற்றைத் தாண்டிப் பத்து யார் தூரம் போனதும் இணைப்பு அறுந்துவிடுவது, வீட்டுக்கு வந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்வது. அதற்குக் கீழே, 'காருக்கு வீட்டைவிட்டுப் போக விருப்பமில்லைபோல' என்று எழுதி, முட்டாள்தனமாக இருக்கிறதென்று வெட்டியிருந்தாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே சொல்: இல்லை.

காரைவிட்டு இறங்கி நிஸ்தாருக்குப் போன் எடுத்தாள். செட்டில் சத்தம் வராததால் போனைக் காதில் வைப்பதற்கே புளூடூத்தை அணைக்க வேண்டியிருந்தது.

"டீச்சர், ஓஃப் பண்ணிட்டு ஓன் பண்ணுங்க."

"பண்ணிட்டன் நிஸ்தார். ஒன்பது தரம்."

"அழிச்சிட்டுத் திரும்பச் சேத்துப் பாருங்க."

"அதுவும் பாத்தாச்சு. ரெண்டு பக்கமும் சேந்தெண்டு காட்டுது. சத்தம் இல்ல."

"அப்பிடி நடக்க ஏலாதே, டீச்சர்." அவன் குரலில் உண்மையான மனவருத்தம் தெரிந்தது. "உங்கட றோட்டில மட்டும் மூணு வண்டிக்கு அதே செட் பூட்டியிரிக்கன். ஒருத்தரும் ஒரு குறை சொல்லல்ல. போன்லதான் ஏதும் பிழையோ தெரியா."

போனில்தான் பிழை. போனிலும் இல்லையென்றால் அவளில்தான் பிழை. றஜிதாவுக்கு அது புதிதல்ல. எதுவும் பழுதானால் முதலில் தன் கையைத்தான் பார்ப்பாள்.

அம்மா பாலசுந்தரி துவைத்த உடுப்புக் கூடையோடு முற்றத்துக்கு வந்தாள். பக்கத்து மதிலோரம் கட்டியிருந்த கொடியை நோக்கிப் போகும் வழியில் காரைக் குனிந்து பார்த்தாள்.

"என்ன புள்ள, உன்ட செட் இன்னும் வாய் திறக்கல்லயா?"

"பாத்துக்கொண்டுதானம்மா இரிக்கன்."

"நாலு நாளாப் பாக்கிறாய். சுபா எண்டால் ரெண்டு நிமிசத்தில செய்து போடுவான்."

"அப்ப வந்து செய்யச் சொல்லுங்க."

"அவன் படுத்திரிக்கான். எழுப்பாத."

சுபாகரன் படுத்திருந்த அறையின் யன்னல் காருக்கு நேரே இருந்தது. யன்னல் படியில் அவனுடைய போன் சார்ச்சில் கிடந்தது. சிவதர்ஷன் லீவில் வரும்போது அவளுக்கும் தம்பிக்கும் ஒரே மொடலில் இரண்டு கொண்டுவந்தானே, அதில் ஒன்று. மாற்றுத் திறப்பும் அதன்மேல் கிடந்தது. அம்மா காலையிலேயே கொடுத்துவிட்டாள். தீர்ப்புக்கு முன்னமே தண்டனை தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு றஜிதா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குஞ்சித்தம்பி மாமா வழமைபோலப் பின்னேரக் குளிப்பாட்டலில் இருந்தார். குளிப்பது அவர் வாடகைக்கு ஓடும் ஹயர்க் கார். றேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டு, வாளியோடு சுற்றிச் சுற்றி வருவார். மூடிய கண்ணாடிகளுக்குள் ஏசியைப் போட்டதும் அந்தச் சத்தமும் அடங்கியது. போனை எடுத்து, கடைசித் தடவையாக 'கார் கிட்'டைத் தொட்டாள்.

இணைக்கப்பட்டுள்ளது.

"உன்ட தலை," என்றாள் றஜிதா.

நாலு இருபதுக்குப் போன் அதிர்ந்தது. சிவதர்ஷனின் படம் வந்தது. பச்சையைத் தொட்டாள். வினாடிகள் ஓடத் தொடங்கின.

"ஹலோ," என்றாள். "ஹலோ. கேக்குதா?"

ஒன்றும் இல்லை. செட்டின் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வினாடி, பதின்மூன்று, பதினான்கு. அழைப்பு நன்றாக நடந்துகொண்டிருந்தது. அவள்தான் அதில் இல்லை. கண்ணில் நீர் முட்டியது, அழுகையால் அல்ல, எரிச்சலால். கதவைத் தள்ளித் திறந்துகொண்டு இறங்கினாள்.

அப்போதுதான் அவளுடைய புருசன் மதிலுக்கு அப்பாலிருந்து கதைத்தான்.

"...நீ பதில் சொல்ல வேணாம் றஜி. தண்ணி ஓடுற சத்தம் கேக்குது, பாலத்திலதானே போறாய். றோட்டப் பாத்து ஓடு. கேட்டாக் காணும், அது போதும்."

குரல் வீதி வரைக்கும் கேட்கும்போல இருந்தது. றஜிதா நின்ற இடத்திலேயே நின்றாள். கொடியடியில் அம்மா ஈரச் சாரத்தைப் பிழிந்தபடியே நின்றாள். மதிலுக்கு மேலே குஞ்சித்தம்பி மாமாவின் தலை மெதுவாக எழும்பியது; வாயில் விரலை வைத்து, கதைக்காதே என்று சைகை காட்டினார்.

"நேத்து மாமிக்கு முன்னால நான் அப்பிடிச் சொன்னது பிழைதான்," என்றது கார். "மாமி கேட்டா எனக்கு இல்ல எண்டு சொல்ல வராது. உனக்குத் தெரியுமே. கலியாணத்தண்டும் அப்பிடித்தான்."

அம்மா சாரத்தைப் பிழிவதை நிறுத்தினாள்.

"மறுகா இன்னொண்டு. நீ ஓடக்குள்ள சொல்றதுதான் எனக்கு வசதி, நீ திருப்பிக் கேள்வி கேக்க ஏலா. அந்தக் கதவுக் கீறல் நீ செய்ததில்ல. சுபா செய்தது. சனிக்கிழமை கூட்டாளிமாரோட மண்டூருக்குப் போன இடத்தில ஒரு கேற்றில உரசிப்போட்டான். அண்டைக்கே எனக்கு எடுத்து அழுதான், 'அம்மாக்குச் சொல்லிராதீங்க அத்தான்' எண்டு. நானும் வாயப் பொத்திட்டன். நீயாச் சந்தையில உரசினனாக்கும் எண்டு சொல்லக்குள்ள, சரி, அது அப்பிடியே முடியட்டும் எண்டு இரிந்திட்டன். கோவிக்காத. மாமிக்கு மட்டும் தெரியவேணாம்."

"தம்பி," என்றார் குஞ்சித்தம்பி மாமா, தன் கார்க் கண்ணாடிப் பக்கம் திரும்பி. "மாமி இவடத்ததான் நிக்கா. வேற ஏதும் சொல்லக் கிடந்தா, அதையும் சொல்லுங்க."

கட்டாரில் ஒரு கரண்டி தட்டில் விழும் சத்தம் கேட்டது.

"ஆரது, குஞ்சித்தம்பி அண்ணனா?" என்றது கார். பிறகு அழைப்பு அறுந்தது. றேடியோ தானாகத் திரும்ப வந்து பாடத் தொடங்கியது.

"ரெண்டு மூணு நாளா இந்த றேடியோக்காரங்களுக்குப் பைத்தியம் எண்டு நினைச்சன் புள்ள," என்றார் குஞ்சித்தம்பி மாமா. "பாட்டு நடுவுல நிண்டு, ஒருத்தி இங்கிலீசில சந்தைக்குப் போறதும் தக்காளி கேக்கிறதும். நானும் வாளியோட நிண்டு படிச்சன். நிஸ்தாருக்கு எடுத்தா, வண்டியில ஒரு பிழையும் இல்ல எண்டுறான்."

றஜிதா காரை நோக்கித் திரும்பினாள். காருக்குள் போய், செட்டின் திரையில் இருந்த பெயரைத் தொட்டுத் தொடர்பைத் துண்டித்தாள். யன்னல் படியில் கிடந்த சுபாகரனின் போன் ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான் விசயம். சனிக்கிழமை பாட்டுக் கேட்க அவன் தன் போனை இந்தச் செட்டில் சேர்த்திருக்கிறான். அதற்குப் பிறகு அவள் திறப்பைத் திருப்பும்போதெல்லாம் செட் அவனுடைய போனையே பிடித்துக்கொண்டு, வேறு எந்தப் போனின் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. அவள் தேடும்போது தெரிந்த ஒரே 'கார் கிட்' பக்கத்து வளவில் குளித்துக்கொண்டிருந்தது. இரண்டு செட்டுக்கும் கடைக்காரன் வைத்த ஒரே பெயர், இரண்டு போனுக்கும் கொம்பனி வைத்த ஒரே பெயர். மாற்ற வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

அவள் மறுபடி தேடினாள். இப்போது 'கார் கிட்' இரண்டு இருந்தன. புதியதைத் தொட்டாள், நாலு பூச்சியம் அடித்தாள். ஒலிப்பாடத்துப் பெண் காரே அதிரும்படி தக்காளியின் விலையைக் கேட்டாள். றஜிதா துள்ளிப் போய்ச் சத்தத்தைக் குறைத்தாள்.

நாலு நாள். ஒன்பது தரம் அணைத்துப் போட்டது. செய்யாத கீறலுக்கு ஒரு மதிலையும் கண்டுபிடித்து எழுதி வைத்தது. அவளுக்கு ஆத்திரம் வந்தது. செட்டின்மேல் அல்ல. இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கக்கூடியதை, அவள் பாலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துச் சொல்ல நினைத்தவன்மேல்.

தக்காளிச் சத்தத்தில் சுபாகரன் எழும்பிக் கண்ணைக் கசக்கியபடி வாசலுக்கு வந்தான்.

"என்னக்கா, செட் சரிவந்திட்டா? நான் வரவேணுமா?"

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். மகளைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தாள்.

"அந்தத் திறப்பக் கொண்டா."

"எந்தத் திறப்பு?"

"விடியத் தந்த திறப்பு."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மதிலுக்கு மேலே இன்னும் இறங்காமல் நின்ற தலையைப் பார்த்தான். ஏதோ நடந்திருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. உள்ளே போய்த் திறப்பைக் கொண்டுவந்து நீட்டினான். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அம்மா, நான் என்ன..."

"மண்டூர்க் கதைய மறுகா கதைப்பம். அவக்கு வகுப்புக்கு நேரம் போகுது. கேற்றத் திற."

அவன் கேற்றைத் திறந்தான். றஜிதா காரைப் பின்னுக்கு எடுக்கும்போது இடது பக்கத் தூணை இரண்டு தடவை பார்த்தாள், பழக்கதோசம். கொடியடியைக் கடக்கும்போது அம்மா கொஞ்சம் குனிந்தாள்.

"புள்ள, கவனமாப் போ," என்றாள். அதற்குமேல் அம்மாவிடமிருந்து ஒன்றும் வராது என்று றஜிதாவுக்குத் தெரியும்.

பாலத்தில் ஏறியபோது வாவியின் மேல் வெயில் சாய்ந்து கிடந்தது. நடைபாதையில் தூண்டில்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மணி நாலு ஐம்பது. நடுப்பாலத்தில் செட் மணியடித்தது. திரை முழுக்கச் சிவதர்ஷனின் பெயர். நாலு நாளாக இந்த மணிக்காகத்தான் தலையால் நடந்தாள். இப்போது அடிக்க விட்டு ஓடினாள். நாலு தரம் அடித்தபிறகுதான் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்தினாள்.

"றஜி," என்றான் அவன், மிகப் பணிவான குரலில். "இது உன்ட கார்தானே?"

"ஓம். என்ட கார்தான்."

"மாமி..."

"ஓடிக்கொண்டிரிக்கன். நீங்க கதைக்க வேணாம். கேட்டாக் காணும்," என்றாள் றஜிதா. பாலம் முடிந்து, மணிக்கூட்டுச் சந்தி தாண்டி, வகுப்பு வாசல் வரைக்கும் அவள்தான் கதைத்தாள்.