எந்த இடத்துல ஓடியிருப்ப?

பேயத்தைக்கு ரத்தம் ஒத்துக்கொள்ளும்; காதல்தான் ஒத்துக்கொள்ளாது. திரையில் ஒருவன் இன்னொருவனின் குடலை உருவிக்கொண்டிருக்கும்போது, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லியபடியே தட்டைக் காலி செய்கிறவள் அவள். காதலர்கள் மழையில் நனைய ஆரம்பித்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். வீட்டில் சின்னதிலிருந்து பெரியது வரை எல்லோருக்கும் அவள் பேயத்தைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும் பயன்பட்டது.

அப்பேர்ப்பட்டவளைத்தான் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இழுத்து வந்திருந்தாள் அண்ணன் மகள். பள்ளிக்கூடப் பெண்ணை ரத்தக்காட்டேரி ஒருவன் காதலிக்கிற படம். அண்ணன் மகளுக்கு வயது பதினாறு, துடுக்குத்தனத்துக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு.

"ஒரே ஒரு கண்டிஷன், அத்தை. படம் முடியுற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. உங்க கருத்தெல்லாம் கடைசியில."

"கொட்டாவி விடலாமா?"

"சத்தம் வராம விடுங்க."

இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஐந்து வருடமாகச் சனிக்கிழமைகளில் அத்தை வீட்டுத் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டுப் பேய்ப்படம் பார்ப்பார்கள். படம் முடிந்ததும் ஒருவரை ஒருவர் ஒரே கேள்விதான் கேட்கவேண்டும்: நீயாக இருந்தால் எந்த இடத்துல ஓடியிருப்ப? கதவு தானாகத் திறந்தபோதா, நாய் மாடிப்படியைப் பார்த்துக் குரைத்தபோதா? பதிலில் பொய் கூடாது. கேட்பவர் சிரிக்கவும் கூடாது. "வீடு காட்ட வந்த தரகர் மூஞ்சியே சரியில்ல, நான் அங்கயே ஓடியிருப்பேன்" என்று பதினோரு வயதில் வாலு சொன்னதை அத்தை இன்றைக்கும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

படம் ஓடியது. காட்டேரிக்கு நூற்று நாற்பது வயதாம். ஆனால் பார்ப்பதற்குப் பையன்போல இருப்பதால், பதினொன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஆளே வெளுத்துப்போய், கறுப்புக் குடையோடு நடந்து வருகிறான். அவன் வரும்போதெல்லாம் அரங்கத்துப் பெண்பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பாதிப் பேர் வாயில் பிளாஸ்டிக் கோரைப் பற்கள்.

பற்கள் என்றால் அத்தைக்குத் தொழில்பாசம் பொங்கும். பல் செட் செய்யும் லேப்பில் பதினான்கு வருடமாக வேலை. ஊரார் வாயெல்லாம் அவள் மேசைமேல்தான் பிளாஸ்டர் அச்சாக வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். திரையில் அந்தக் காட்டேரியின் பல்லைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது. இத்தனை நீளக் கோரைப் பல் வைத்தால் உதடு மூடாது, பேச்சு குழறும், எச்சில் ஒழுகும். இவனோ கவிதை பேசுகிறான்.

'நம்ம செஞ்சது எவ்வளவு அழகா இருந்துச்சு' என்று நினைத்துக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால், பள்ளி நாடகத்துக்கு என்று வகுப்புப் பையன் ஒருவனுக்கு வாலு கோரைப் பற்கள் கேட்டிருந்தாள். பல் அச்செடுக்க அத்தை கொடுத்த ட்ரேயிலும் மாவிலும் அவளே அளவு எடுத்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஒரு குமிழி இல்லாத அச்சு. பிள்ளைக்குக் கைத்தொழில் படிந்துவிட்டதே என்று அத்தைக்கு வாயெல்லாம் பல். இரண்டு இரவு உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்துகொடுத்தாள்.

திரையில் காட்டேரி ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணின் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அரங்கம் பெருமூச்சு விட்டது. அத்தைக்கு முதுகு சிலிர்த்தது. பேய்ப்படத்தில் இந்த இடத்தில் வயலின் அலறும். இங்கே புல்லாங்குழல் வாசிக்கிறார்களே!

"நம்மளப் பத்தி உன் வீட்ல யாருக்கும் சொல்லாத. அவங்களுக்கு இது புரியாது" என்றான் காட்டேரி.

அதற்குமேல் அத்தையால் முடியவில்லை. "நூத்தி நாப்பது வயசு ஆளுக்கு ஸ்கூல்ல என்னடி வேலை? வாத்தியாரு ஒருத்தராவது கேக்க மாட்டாரா?"

முன்வரிசையில் யாரோ "உஷ்" என்றார்கள். வழக்கமாக இப்படி ஒன்று சொன்னால் வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

"வயசுல என்ன அத்தை இருக்கு? மனசுதான் முக்கியம்."

யாரோ சொல்லிக்கொடுத்துப் பாடமாக்கியதுபோல இருந்தது. அவள் மடியில் போன் வெளிச்சம் மினுக்கென்று வந்து அணைந்தது. சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்தாள்.

இடைவேளையில் தண்ணீர் வாங்க அத்தை மட்டும் வெளியே வந்தாள். வாலு இருக்கையைவிட்டு அசையவில்லை. படம் முடிந்ததும் அவளுக்கு வேறு வேலை இருந்தது, தோழிக்குப் பிறந்தநாள். தோழியின் அக்கா காரில் வந்து கூட்டிப்போவாள், இரவு அங்கேயே தங்கிவிட்டு நாளை வருவாள். அண்ணி முடியவே முடியாது என்றுதான் நின்றாள். "நான் சொல்றேன்ல அண்ணி, அவ பொறுப்பு என்னோடது" என்று இரண்டு நாள் மன்றாடி அனுமதி வாங்கிக் கொடுத்தவளே அத்தைதான்.

தண்ணீர் விற்கும் இடத்தில் நெரிசல். பக்கத்தில் ஒருவன் போனைப் பார்த்துத் தானாகச் சிரித்தான். அத்தையின் கண் முதலில் போனது அவன் வாய்க்குத்தான்.

அவள் செய்த பற்கள்!

சந்தேகமே இல்லை. அந்த இடதுபக்கக் கோரைப் பல்லின் வளைவுக்காக ஒரு முழு இரவை அவள் செலவழித்திருக்கிறாள். பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பார்த்ததுபோலச் சந்தோஷம் வந்தது. 'அட, நம்ம வாலுவோட கிளாஸ் பையன்' என்று வாயெடுக்கப் போனவள், பல்லிலிருந்து கண்ணை உயர்த்தி முகத்தைப் பார்த்தாள்.

பையன் இல்லை. ஆள். நெற்றி இரண்டு பக்கமும் ஏறியிருந்தது. மழித்த தாடையில் பச்சை படர்ந்திருந்தது. ஆள்காட்டி விரலில் கார் சாவி சுழன்றது.

"கொஞ்சம் தள்ளிக்கங்க, அக்கா" என்றான் அவளிடம், பல் இடித்த குழறலோடு.

அக்கா. வாலுவின் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் ஆன்ட்டிதான். முப்பத்தெட்டு வயதில் அந்த ஆன்ட்டியைக் கேட்டுக் கேட்டு நொந்தவள் அவள். அக்கா என்று கூப்பிடுகிறவனுக்கு என்ன வயதிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்த பிளாஸ்டர் அச்சு அவள் கண்முன் வந்தது. மேல்தாடையின் கடைசியில், இரண்டு பக்கமும் ஞானப்பல். அதுவும் முளைத்து வருகிற பல் இல்லை, மென்று மென்று முனை தேய்ந்த பல். பக்கத்தில் கேப் போட்ட கடைவாய்ப் பல் ஒன்று. அன்றே பார்த்தாள். 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க சீக்கிரம் முத்திப்போயிடுதுங்க' என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துவிட்டு, முன்பல்லில் மூழ்கிவிட்டாள். பதினான்கு வருட அனுபவம்! ஊரான் வாயைப் பார்த்தே வயது சொல்லுகிறவள், வீட்டுப் பிள்ளை கொண்டுவந்த வாயைப் பார்த்துக் கோட்டை விட்டாளே!

தோழியும் இல்லை, அக்காவும் இல்லை. கார் மட்டும்தான் நிஜம்.

தண்ணீர் வாங்காமலே திரும்பி வந்து இருட்டில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேய்களைப் பார்த்தவளுக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. பாதிப் படம் இருந்தது. அவளுக்கு இருந்த நேரமும் அவ்வளவுதான்.

என்ன செய்வது? எழுந்து கத்தலாம். அண்ணனுக்குப் போன் போடலாம். அண்ணன் முன்கோபி, வந்து மகளை நாலு அறை அறைந்து இழுத்துப்போய் அறையில் பூட்டுவான். பூட்டிய அறையிலிருந்து கதாநாயகிகள் எப்படிப் போவார்கள் என்பதை அத்தை முந்நூறு படத்தில் பார்த்திருக்கிறாள். 'அங்க போகாத' என்று அலறுகிற அத்தைகளையும் பார்த்திருக்கிறாள். அந்த அலறலுக்குப் பிறகுதான் பெண் ஓட்டமாகப் போய் அந்தக் கதவைத் திறப்பாள். சொல்லாமலும் இருக்க முடியாது. சொல்லிக் கெடுக்கவும் கூடாது. தலைக்குமேல் தொங்கியது கத்தி.

கைப்பைக்குள்ளேயே போனை மறைத்துப் பிடித்தபடி, செய்த வேலைகளின் படங்களைத் தேடினாள். ஒவ்வொரு அச்சையும் படமெடுத்து வைப்பது லேப் பழக்கம். கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். ஞானப்பல், தேய்மானம், கேப், எல்லாம் அப்படியே இருந்தன. திரையில் காட்டேரி அந்தப் பெண்ணின் கழுத்தில் முகம் புதைத்தான். பக்கத்தில் வாலு, நகத்தைக் கடித்தபடி, திரையைப் பார்க்காமல் வாசல் பக்கம் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்தப் பெண் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் குடைக்குள் புகுந்து அவனோடு போனாள். கைதட்டல் காதைப் பிளந்தது. விளக்கு வந்தது. கூட்டம் கலைந்தது.

"அத்தை, நான் கிளம்பறேன். அவ அக்கா பார்க்கிங்ல வெயிட் பண்றாங்களாம்."

"கருத்து சொல்லாம எப்படிடி போறது? வழக்கம் வழக்கம்தான்."

"சீக்கிரம் சொல்லுங்க." வாலு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தை இருக்கையைவிட்டு எழவில்லை. குரல் பிசகாமல் இருக்கப் பாடுபட்டாள். "நான் பாத்த பேய்ப்படத்துலயே இதுதான் பெரிய பேய்ப்படம். மத்த படத்துல பேய் வந்தா ஜனங்களுக்குப் பேய்னு தெரியும். இதுல கை தட்டறாங்க. பச்சப்புள்ள பக்கத்துல ஒரு கிழவன் வந்து உக்காந்துக்கிட்டு, நானும் உன் வயசுதான்ங்கறான். அவன் வாயத் தொறந்து பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல." போனை நீட்டினாள். "எனக்கும் தோணல."

வாலு பார்த்தாள். அது யாருடைய அச்சு என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"கடைசியில இருக்கே, அது ஞானப்பல். எப்படித் தேஞ்சிருக்கு பாரு. முப்பதுக்குப் பக்கத்துல இருப்பான். உங்கிட்ட என்ன வயசு சொன்னான்?"

வாலுவின் முகம் வெளிறியது. "பத்தொன்பது." பிறகு கோபமாக, "நீங்க சும்மா சொல்றீங்க. அவரப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் இல்லை, அவர்.

"தெரியாதுதான். இடைவேளையில பக்கத்துல நின்னான். என்னை அக்கான்னு கூப்பிட்டான்டி."

போன் வாலுவின் கையில் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கீழ்வரிசையில் துப்புரவுக்காரர் சோளப்பொரியைப் பெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். வாலுவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க அத்தைக்கு உடம்பெல்லாம் துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்னைப் பிடிச்சு வைக்க மாட்டேன். எப்பவும் கேக்கறதத்தான் கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது, நான் சிரிக்க மாட்டேன். நீ இருக்கற இந்தக் கதையில, எந்த இடத்துல ஓடியிருப்ப?"

துடைப்பச் சத்தம் ஒவ்வொரு வரிசையாக மேலே ஏறி வந்தது. போன் மூன்றாவது தடவை அதிர்ந்தபோது வாலுவின் உதடு கோணியது.

"அளவு எடுத்தப்பவே, அத்தை."

அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ட்ரே அவர் வாயில இருந்துச்சு. நான் ரெண்டு விரலால அழுத்திப் பிடிச்சிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கினாரு. வலிக்குது விடுங்கன்னேன். விடல. வாய் நிறைய மாவை வச்சுக்கிட்டு சிரிச்சாரு. நான் அழுதேன், அதுக்கும் சிரிச்சாரு." அவள் தன் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டாள். "நான் கையை எடுக்கவே இல்ல. மாவு இறுகற வரைக்கும் அசையக் கூடாது, அசைஞ்சா அச்சு கெட்டுடும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

ஒரு குமிழி இல்லாத அச்சு. அதைப் பார்த்துத்தான் அவள் பூரித்துப்போனாள்.

அத்தை எழுந்து அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அழுதுவிட்டாள், மறைக்கவில்லை. போன் மறுபடி அதிர்ந்தது. வாலு அதைத் தானாகவே அத்தையின் கையில் வைத்தாள்.

"பார்க்கிங் பக்கம் வேண்டாம்" என்றாள்.

"அண்ணே, வேற வழி இருக்கா?" என்று அத்தை துப்புரவுக்காரரைக் கேட்டாள். அவர் துடைப்பத்தால் திரைக்குப் பக்கத்துச் சின்னக் கதவைக் காட்டினார். இருவரும் ஓடவே ஓடினார்கள்.